க்வாட் 405: வாங்கலாமா, வேண்டாமா?

ரெண்டு வாரமா வீட்டில் பட்ஜெட் விவாதம் ஓடிக்கிட்டிருக்கு. விஷயம் இதுதான். கொல்கத்தாவில் எங்க ஃப்ளாட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பெரியவர் தன்னோட பழைய ஸ்டீரியோ பவர் ஆம்ப்ளிஃபயரை விற்கிறார். க்வாட் 405. இங்கிலாந்தில் வேலை பார்த்துட்டு 1980-ல் ஊர் திரும்பினப்போ கூடவே கொண்டு வந்தது. கேட்கிற விலை 35,000 ரூபாய்.

"ஏங்க, இதுல வால்யூம் திருகுற குமிழ் எங்க இருக்கு?" இது தங்கமணி, ஃபோட்டோவைப் பார்த்துட்டு.

"அது இதுல இருக்காது. அதுக்குத் தனியா ப்ரீ-ஆம்ப்ளிஃபயர் வாங்கணும்."

"அப்ப முப்பத்தஞ்சாயிரத்துக்கு ஒரு குமிழ் கூட இல்ல?"

நியாயமான கேள்வி. பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டற வருஷம் வேற. கடன் கேட்டு வர்றவங்ககிட்ட ஆயிரம் கேள்வி கேட்கிற நான், என் சொந்தக் காசுன்னா சும்மா விடலாமா? இந்தப் பொருளோட பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன். நான் பி.காம்., எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவன் இல்லை. தெரிஞ்சவங்க பொறுத்தருள்க.

பீட்டர் வாக்கர்னு ஒரு ஆங்கிலேயர், 1936-ல் லண்டனில் அகூஸ்டிகல் மானுஃபாக்சரிங் கம்பெனியை ஆரம்பிச்சார். போர்க்காலத்துக் குண்டுவீச்சுக்குப் பிறகு 1941-ல் ஹண்டிங்டன் என்ற சின்ன ஊருக்கு ஜாகை மாத்தினார். 1953-ல் க்வாட் 2 என்ற வால்வு ஆம்ப்ளிஃபயர், 1957-ல் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர், 1967-ல் டிரான்சிஸ்டர் போட்ட க்வாட் 303. அடிக்கடி புது மாடல் விடற ஆள் இல்லை. அதுக்கப்புறம் 1975-ல் வந்ததுதான் இந்த 405, சானலுக்கு 100 வாட்.

அப்போ டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களுக்கு ஒரு தீராத வியாதி இருந்தது. ஒலி அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்பாதியை இன்னொண்ணும் சுமக்கும். ஒருத்தர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறுகிற இடத்தில் ஒரு சின்ன இடறல். கேஷ் கவுண்டர்ல ஷிஃப்ட் மாறும்போது ரெண்டு ரூபாய் இடிக்குமே, அந்த மாதிரி. வீணையோட கார்வை அடங்கி அடங்கித் தேய்கிற இடத்தில்தான் இந்த இடறல் காதைக் கரகரன்னு உறுத்தும். ரெண்டு டிரான்சிஸ்டரையும் எப்பவும் முழு மின்னோட்டத்தில் வெச்சிருந்தா இடறாது, ஆனா அடுப்பு மாதிரி சுடும். நடுவழியா, கொஞ்சமா மின்னோட்டம் விட்டு வைப்பாங்க. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவுன்னு தொழிற்சாலையில் ஒருத்தர் சின்னத் திருகாணியைத் திருப்பி வைக்கணும். பெட்டி சூடானா அந்த அளவு மாறும், வயசானாலும் மாறும்.

வாக்கரும் அவரோட சக பொறியாளர் ஆல்பின்சனும் கண்டுபிடிச்ச வழிக்கு 'கரண்ட் டம்ப்பிங்' என்று பேர். எனக்குப் புரிஞ்ச பாஷையில் சொல்றேன். ஒரு கிளார்க், கணக்கில் புலி, ஆனா கனமான மூட்டை தூக்க முடியாது. ஒரு லோடுமேன், பலசாலி, ஆனா எண்ணத் தெரியாது. லோடுமேன் குத்துமதிப்பா மூட்டையைக் கொண்டு வந்து கொட்டுவான். கூடக்குறைய இருக்கிறதைக் கிளார்க் அந்த நொடியே சரிக்கட்டுவார். கவுண்டருக்கு வந்து சேர்றது சரியான தொகை. ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு ஆம்ப்ளிஃபயர், ஒண்ணு சின்னது, சுத்தமானது. இன்னொண்ணு பெருசு, முரடு.

யார் எவ்வளவு விட்டாங்கன்னு கிளார்க்குக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் நாலே நாலு பாகம் சேர்ந்த ஒரு பாலம் வருது. 500 ஓம், 47 ஓம் என்று ரெண்டு ரெசிஸ்டர், 120 பிக்கோஃபாரட் கபாசிட்டர் ஒண்ணு, 3 மைக்ரோஹென்றி காயில் ஒண்ணு. முதல் மூணையும் பெருக்கினா நாலாவது வரணும், அப்பதான் லோடுமேனோட பிழை ஸ்பீக்கருக்குப் போய்ச் சேராது. நானும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், 2.82 வந்தது. 3-க்குப் பக்கம்தான். ட்ரையல் பாலன்ஸ் டேலி ஆன சந்தோஷம் :-)

1975 டிசம்பர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வாக்கர் இதை எழுதினார். அப்புறம் வருஷக்கணக்கில் வாக்குவாதம். இது புதுசே இல்லை, 1920-களில் பெல் ஆய்வகத்து ஹரால்ட் பிளாக் யோசிச்சதன் மறுபிறவின்னு ஒரு கட்சி, இல்லைன்னு இன்னொரு கட்சி. படிச்சவங்க சண்டையில் நான் தலையிடறதில்லை. 1978-ல் இந்தத் தொழில்நுட்பத்துக்கு பிரிட்டிஷ் மகாராணி பேரில் கொடுக்கிற விருது கிடைச்சது.

எனக்கு முக்கியம் வேற. இந்த டிசைன்ல திருகாணியே கிடையாது. தொழிற்சாலையில் ஒருத்தர் உட்கார்ந்து அளவு வைக்க வேண்டியதே இல்லை. வாக்கருக்கு அது செலவு மிச்சம். நாற்பது வருஷம் கழிச்சு வாங்கப் போற எனக்கோ, காலப்போக்கில் இடம் மாறிப்போக அந்தத் திருகாணி இல்லைங்கிறது பெரிய ஆறுதல். மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற பெரிய கபாசிட்டர்கள் வயசானா வத்திப் போகும். அது மாத்தக்கூடிய சாமான்தான், சாந்தினி மார்க்கெட்டில் கிடைக்கும்.

இப்படி வாங்கிடலாம்னு மனசு சாயும்போது, அந்த வாக்கரே குறுக்கே வந்து நின்னார். 1978-ல் க்வாட் ஏற்பாட்டில் ஜேம்ஸ் மொய்ர் என்ற ஒலிப் பொறியாளர் ஒரு சோதனை நடத்தினார். க்வாட் 2, 303, 405 மூணையும் எது ஓடுதுன்னு சொல்லாம மாத்தி மாத்திப் போட்டுக் கேட்க வெச்சாங்க. வால்வு சத்தமே தனின்னு சத்தியம் பண்றவங்க காலம் அது. முடிவு? கண்ணை மூடிக்கிட்டு ஊகிச்சதை விட மேலா யாராலும் வித்தியாசம் சொல்ல முடியலை. நல்ல ஆம்ப்ளிஃபயருக்குன்னு தனியா ஒரு சத்தம் இருக்கக் கூடாதுங்கிறதுதான் வாக்கரோட கட்சி. அப்ப இன்னிக்குக் கடையில் புதுசா, வாரண்டியோட வர்றதை வாங்கினா என்ன? இதைத் தங்கமணிகிட்ட சொல்லவே இல்லை. எதிர்க்கட்சிக்கு நாமே ஆயுதம் எடுத்துக் கொடுப்பானேன்.

போன ஞாயிறு நேரில் கேட்டுப் பார்க்கப் போனேன். அப்பா வாங்கி வெச்ச எல்.பி. தட்டுகளில் ஒண்ணை எடுத்துக்கிட்டேன், 1963-ல் எச்.எம்.வி. வெளியிட்ட எம்.எஸ். அம்மாவோட வெங்கடேச சுப்ரபாதம். (சின்னக் கொசுவர்த்தி: கும்பகோணத்தில் அப்பா இதைப் போட்டது ஒரு சூட்கேஸ் பிளேயர்ல. மார்கழியில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதுன்னு சத்தம் குறைச்சு, காதைக் கிட்ட வெச்சுக் கேட்பார். எதிரொலியோட முழுசா அவர் அதைக் கேட்டதே இல்லை.)

பெரியவர், நான் 'மேஷோமோஷாய்'னு கூப்பிடறவர் (நம்மூர்ச் சித்தப்பா முறை), பாட்டைப் பத்தி ஒண்ணும் கேட்கலை. தட்டைக் கையில் வாங்கிப் பார்த்துட்டு, "டம்டம்!" என்றார். கிராமஃபோன் கம்பெனியோட ஆலை 1908-ல் சியால்தாவில் ஆரம்பிச்சு 1928-ல் டம்டமுக்குப் போனது. நம்ம வீடுகளில் இருந்த எச்.எம்.வி. தட்டுகள் அங்கேயிருந்துதான் ரயிலேறி வந்தன. கும்பகோணத்துக்குப் போன தட்டு அம்பது வருஷம் கழிச்சு ஊர் திரும்பியிருக்குன்னு அவருக்கு ஒரே குஷி.

ஆம்ப்ளிஃபயர் வந்த கதையும் சொன்னார். அந்தக் காலத்தில் கடைக்குப் போய் வாங்கற சரக்கு இல்லை இது. வெளிநாட்டு நுகர்பொருள்களுக்கு அவ்வளவு கட்டுப்பாடு. (கடைசியா மிச்சமிருந்த 715 பொருள்களுக்கு அளவுக் கட்டுப்பாடு நீங்கினது 2001 ஏப்ரல் 1-ல்.) குடும்பத்தோட ஊர் திரும்பறவங்களுக்கான சுங்கச் சலுகையில் இவர் கொண்டு வந்திருக்கார். ஒரு ஆம்ப்ளிஃபயரா, அம்மாவுக்கு ஒரு வாஷிங் மெஷினான்னு வீட்டில் சண்டையாம். நமக்கு ஒரு முன்னோடி இருந்திருக்கார்.

தட்டு ஓடினது. புது ஆம்ப்ளிஃபயரில் இதே மாதிரிதான் கேட்டிருக்கும், மொய்ர் சொன்னா சரிதான். ஊசி தட்டைத் தொடற கீறல் சத்தம், அப்புறம் குரல். நான் ஒண்ணும் பேசலை. அவரும் பேசலை.

முடிஞ்சதும் என் உத்தியோக புத்தி எட்டிப் பார்த்தது. பழம்பொருள் விலை கொடுக்க மாட்டேன், ஓடற சாமானுக்கான விலைதான் கொடுப்பேன்னு சொன்னேன். கபாசிட்டர் மாத்தற கூலி, 405-க்குள்ள போற சிக்னல் அரை வோல்ட் போதும், என் சி.டி. பிளேயர் ரெண்டு வோல்ட் தரும், அதைக் குறைக்க ஒரு ஏற்பாடு, பழைய டின் சாக்கெட்டுக்கு வயர் என்று எல்லாத்தையும் காகிதத்தில் கழிச்சுக் காட்டினேன். 26,500 வந்தது. பெரியவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ஐந்நூறை விட்டுடு, இருபத்தாறு போதும். ஆனா அந்தத் தட்டோட மறுபக்கத்தை இப்பவே போடு," என்றார்.

தங்கமணிகிட்ட தொகையைச் சொன்னேன். ஒன்பதாயிரம் மிச்சமான்னு கேட்டாங்க. அந்த ஒன்பதாயிரம் இப்போ மிக்ஸி கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கு. சனிக்கிழமை போய் எடுத்து வரணும். ஒன்பது கிலோ, எங்களுக்கு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது.