பார்வதி மலையின் 103 படிகள்

புனே நகரைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களைப் பெரும்பாலும் முதலில் சனிவார் வாடாவுக்குத்தான் அழைத்துப் போகிறார்கள். 1732இல் முதலாம் பாஜிராவ் குடிபுகுந்த கோட்டை அரண்மனை அது. 1828இல் பற்றிய தீயில் மாளிகைகள் அழிந்துவிட்டன. மதில்களும் வாசல்களும் மிஞ்சியிருக்கின்றன. அடுத்தது பார்வதி மலை. நாங்களும் அப்படித்தான் போனோம்.

103 படிகள். மேலே 1749இல் நானாசாகிப் பேஷ்வா கட்டிய தேவதேவேசுவரர் கோயில். அங்கிருந்து நகரம் விரிந்து தெரிகிறது. எல்லோரும் படம் எடுக்கிறார்கள். பேஷ்வாக்களின் ஆட்சியில் இந்த மலையடிவாரத்தில்தான் ஆண்டுதோறும் பார்ப்பனர்களுக்குத் தட்சிணை வழங்கினார்கள். அந்தப் பணத்தை வரியாகக் கட்டியவர்கள் உழைக்கும் மக்கள். அவர்களில் தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்ட மகர், மாங்கு மக்களுக்கு மேலே இருந்த சாமியைப் பார்க்கும் உரிமைகூட இல்லை.

அந்த உரிமையைக் கேட்டு 1929 அக்டோபர் 13 அன்று பார்வதி சத்தியாகிரகம் தொடங்கியது. முன்னின்றவர்கள் சிவராம் ஜான்பா காம்ப்ளேவும் பி. என். ராஜ்போஜும். காம்ப்ளே 1908லேயே ‘சோமவம்சிய மித்ரா’ இதழை நடத்தியவர். படியேறியவர்கள் மீது கல்லெறிந்தார்கள்; ராஜ்போஜ் காயமடைந்தார். கோயில் கதவு திறக்கவில்லை.

அப்படியானால் அது தோற்ற போராட்டமா? அடுத்த ஆண்டே நாசிக்கில் காலாராம் கோயில் போராட்டம் அம்பேத்கர் தலைமையில் எழுந்தது. கோயிலுக்குள் போவதால் மட்டும் நம் சிக்கல்கள் தீராது என்று அவர் அன்றே தெளிவாகச் சொன்னார். எதிர்த்தரப்பு நம்மை மனிதராக ஏற்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. அங்கும் கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபர் 13 அன்று, பார்வதிப் போராட்டம் தொடங்கி ஆறு ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று இயோலாவில் அம்பேத்கர் அறிவித்தார். மூடிய கதவுகளின் முன்னால் நின்று கற்ற பாடம் அது. பம்பாய் மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது.

மலையிலிருந்து இறங்கிக் கஞ்ச் பேட்டையில் உள்ள பூலே வாடாவுக்குப் போனோம். 1868இல் ஜோதிராவ் பூலே தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட்டார். அரண்மனையைப் பார்த்து வியந்தவர்கள் இந்தத் தொட்டியின் முன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

தோழர்களே, எந்த ஊரில் எந்தச் சின்னத்தைப் பார்க்கப் போனாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: கட்டியது யார்? பணம் யாருடையது? தடுக்கப்பட்டது யார்? திறக்கப் போராடியது யார்? வழிகாட்டி முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். மற்றவற்றை நாம்தான் தேடிப் படித்துச் சொல்ல வேண்டும்.

2029 அக்டோபர் 13இல் பார்வதி சத்தியாகிரகத்துக்கு நூறாண்டு நிறைகிறது. காம்ப்ளேவின் பெயரையும் ராஜ்போஜின் பெயரையும் சொல்லிக்கொண்டு அந்த 103 படிகளில் ஏற, இப்போதே திட்டமிடுவோம்.

ஜெய்பீம்.