எண்ணெய்னு பேரு, ஆனா எண்ணெய் மட்டும் இல்ல: கொரியன் கிளென்சிங் ஆயிலின் கதை

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

போன மாசம் கிளினிக்குக்கு ஒரு தங்கச்சி வந்தாங்க. ரெண்டு கன்னமும் சிவந்து போய், தொட்டாலே எரிச்சல்.

"எனக்கு ரொம்ப வறண்ட தோல் டாக்டர். கொரியன் கிளென்சிங் ஆயில் நல்லதுன்னு சொன்னாங்க. பத்து நாளா ராத்திரி தடவிட்டுத் தூங்குறேன்."

கழுவுறதே இல்லையாம்மா?

"எண்ணெய்தானே டாக்டர், எதுக்குக் கழுவணும்?"

நியாயமான கேள்வி. பாட்டில்லயும் எண்ணெய்னுதான் எழுதியிருக்கு. பதில் வேணும்னா நாம கொரியாவுக்கே போகணும், அதுவும் இருநூறு வருஷம் பின்னாடி.

கொரியாவின் குளிர்காலம் வறண்டது. வெளியே பனிக்காற்று. உள்ளே, தரைக்கு அடியில் சூடு ஓடும் 'ஓந்தோல்' அறை. தோலுக்கு ரெண்டு பக்கமும் அடி. 1809-ல் யி பிங்ஹோகாக் என்ற பெண்மணி எழுதிய 'கியூஹாப் சோங்சோ' என்ற வீட்டுக் கையேட்டில் இதுக்கு ஒரு வைத்தியம் இருக்கு. மூணு முட்டையை மதுவில் போட்டு, காற்றுப் புகாம மூடி, 28 நாள் வெச்சு முகத்தில் தடவணும். தோல் வெடிக்காதாம். (யாரும் முயற்சி பண்ணிட்டு என்கிட்ட வராதீங்க!)

முகம் கழுவ என்ன வெச்சிருந்தாங்க? பாசிப்பயறு, சிவப்புப் பயறு அரைச்ச மாவு. 'சோது'ன்னு பேரு. நம்ம பாட்டிங்க தேய்ச்ச பயத்தமாவேதான். எண்ணெயும் இருந்தது, ஆனா தலைக்கு. தென்கடலோரத்திலும் ஜேஜு தீவிலும் வளரும் கமேலியா மரத்தின் விதையில் எடுத்தது. 1932-ல் கேசோங் நகரத்தில் யுன் தோக்ஜோங் என்ற தாய் இந்தக் கூந்தல் எண்ணெயைத் தயாரிச்சு வித்தாங்க. அவங்க மகன் 1945-ல் தொடங்கின கம்பெனிதான் இன்றைய அமோர்பசிபிக்.

ஆக, பழைய கொரியாவில் கழுவ மாவு, தலைக்கு எண்ணெய். எண்ணெயால முகம் கழுவுறது எப்போ வந்தது?

அதுக்கு முன்னாடி சோப்பைப் பத்தி ஒரு வார்த்தை. மாவை ஓரங்கட்டினது சோப்புதான். 1928-ல் ஷாடே, மார்கியோனினி என்ற ரெண்டு ஜெர்மன் மருத்துவர்கள், நம்ம தோலின் மேல் ஒரு மெல்லிய அமிலப் போர்வை இருக்குன்னு எழுதினாங்க. ஆரோக்கியமான தோலின் பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்பு 9, 10. தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர்னு வெச்சுக்கிட்டா, செங்கல்லுக்கு நடுவே பூசின சாந்துதான் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். சோப்பு அழுக்கோட சேர்த்து இந்தச் சாந்தையும் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுட்டுப் போகும். வறண்ட தோல்காரங்களுக்கு முகம் கழுவினதும் 'இழுக்குற' மாதிரி இருக்கும் பாருங்க, அது சுத்தமானதுக்கு அடையாளம் இல்ல.

இப்போ ஜப்பான். ஷு உவேமுரா என்ற ஒப்பனைக் கலைஞர் ஹாலிவுட்டில் நடிகர்களுக்கு மேக்கப் போட்டவர். ஊர் திரும்பி 1967-ல் தன்னோட கிளென்சிங் ஆயிலை வெளியிட்டார். கவனிங்க, இது வறண்ட தோலுக்கான மருந்தா பிறக்கல. அரிதாரம் கலைக்கப் பிறந்தது.

எப்படி வேலை செய்யுது? எண்ணெய்ப் பசையுள்ள மேக்கப்பை எண்ணெய்தான் கரைக்கும். அதுக்குத் தேங்காய் எண்ணெயே போதும். ஆனா அது தண்ணியில போகாது. போக்க சோப்பு போடணும், பழைய வம்பு திரும்ப வந்துடும். அதனால கிளென்சிங் ஆயிலுக்குள்ள எமல்சிஃபையர் கலந்திருப்பாங்க. ஒரு கையால எண்ணெயையும் மறு கையால தண்ணியையும் பிடிக்கிற மூலக்கூறு. தண்ணி பட்டதும் எண்ணெய் பால் மாதிரி வெளுத்து, அழுக்கோட வழிஞ்சு போயிடும். மொத்த சூட்சுமமும் அந்த வெளுக்கிற நொடியிலதான் இருக்கு.

அந்தத் தங்கச்சி பத்து ராத்திரி முகத்தில் வெச்சிருந்தது, கழுவி விடுறதுக்காகவே செஞ்ச இந்தப் பொருளை. எரியாம என்ன செய்யும்?

கொரியாவுக்குத் திரும்புவோம். 2000-களில் அங்கே பிபி க்ரீம் அலை. (1960-களில் கிறிஸ்டின் ஷ்ரம்மெக் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர், சிகிச்சைக்குப் பிறகு சிவந்த தோலை மறைக்க உருவாக்கினது அது.) கூடவே தினமும் சன்ஸ்க்ரீன். இதெல்லாம் தண்ணிக்கு அசையாது. அதனால முதல்ல எண்ணெய், அப்புறம் நுரை வரும் ஃபேஸ்வாஷ்னு 'இரட்டைக் கழுவல்' வீட்டு வழக்கமாச்சு. 2010-களில் 'பத்துப் படி அழகு'ன்னு உலகம் சுத்தி நம்ம ஃபோனுக்கும் வந்துடுச்சு.

என் கருத்து: சன்ஸ்க்ரீன், மேக்கப் போடுற வறண்ட தோல்காரங்களுக்கு இது உண்மையிலேயே நல்ல கண்டுபிடிப்பு. அழுத்தித் தேய்க்க வேண்டாம், சோப்பு வேண்டாம். ஆனா அந்த ரெண்டாவது நுரைக் கழுவல் எல்லாருக்கும் தேவையில்ல. ரொம்ப வறண்டவங்க அதை விட்டுடலாம். எதுவுமே பூசாதவங்களுக்கு இந்த ஆயிலே அவசியமில்ல, மென்மையான, சோப்பு கலக்காத ஃபேஸ்வாஷ் போதும்.

முறை ரொம்ப முக்கியம். காய்ஞ்ச கை, காய்ஞ்ச முகம். ஒரு நிமிஷம் மெதுவா தடவுங்க. கொஞ்சம் தண்ணி தொட்டு வெளுக்க விடுங்க. வெதுவெதுப்பான தண்ணியில நல்லா கழுவிட்டு, ஈரம் காயிறதுக்குள்ள மாய்ஸ்சரைசர். வாசனை எண்ணெய் நிறைய சேர்த்தது வேண்டாம். எக்ஸிமா இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

"வீட்ல ஆலிவ் ஆயில் இருக்கு, அதையே தடவலாமா?"ன்னு கமெண்ட் வரும்னு தெரியும். வேண்டாம். 2013-ல் வெளியான ஷெஃபீல்ட் ஆய்வில், ஆலிவ் எண்ணெய் தடவின தோலின் தடுப்புச் சுவர் பலவீனமாச்சு, லேசா சிவந்தது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யல. எண்ணெய்க்கு எண்ணெய் வித்தியாசம் உண்டு.

தங்கச்சிக்கு எல்லாத்தையும் நிறுத்தி, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் மட்டும் கொடுத்தேன். ரெண்டு வாரத்தில் சிவப்பு போயிடுச்சு. போகும்போது கதவுகிட்ட நின்னு கேட்டாங்க, "ஆயிரத்தி ஐநூறு ரூபாய் டாக்டர், பாதி பாட்டில் அப்படியே இருக்கு. தூக்கிப் போட்டுடவா?"

வேண்டாம்மா. சன்ஸ்க்ரீன் போட்ட அன்னிக்குச் சாயங்காலம் எடுங்க. ஒரு நிமிஷத்துல கழுவிடுங்க.