மாணவர் விடுதிகளில் சாதி: சேரன்மாதேவி முதல் சட்டக் கல்லூரி வரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘பிராட்டர்னிட்டி’ என்ற மாணவர் சங்கங்கள் உண்டு. உறுப்பினர்கள் ஒரே வீட்டில் தங்குவார்கள், சேர்ந்து உண்பார்கள், புதியவர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். 2015 மார்ச் மாதம் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் அப்படியொரு சங்கத்தின் மாணவர்கள், பேருந்தில் கறுப்பின மக்களை இழிவுபடுத்திப் பாடிய காணொளி வெளியானது. பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன் சில நாட்களுக்குள் அச்சங்கத்தின் கிளையை மூடி, இரண்டு மாணவர்களை நீக்கினார். பின்னர் நடந்த விசாரணையில், நான்கு ஆண்டுகளுக்கு முன் சங்கத்தின் தேசிய அளவிலான நிகழ்ச்சி ஒன்றில் மாணவர்கள் அந்தப் பாட்டைக் கற்று வந்திருந்தது தெரிந்தது. நீக்கப்பட்ட இருவரும் மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்ததைப் பாடியவர்கள்.

நம் கல்லூரிகளில் இத்தகைய சங்கங்கள் இல்லை. அந்த வேலையை இங்கே விடுதி அறையும் சாப்பாட்டுக் கூடமும் கல்லூரிப் பேருந்தும் சமுதாயத் தலைவர்களின் பிறந்தநாள் சுவரொட்டியும் செய்கின்றன. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் வரும் தண்டலம் போன்ற ஊர்களில் பொறியியல், மருத்துவக் கல்லூரிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் வந்து தங்கும் இடங்கள் இவை. தமிழ்நாட்டில் எந்த விடுதியானாலும் முதல் வாரத்தில் “எந்த ஊர்?” என்ற கேள்வி வரும். அதற்குப் பின் “ஊரில் எந்தத் தெரு?” என்று கேட்டால் அது முகவரி கேட்பது ஆகாது. கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் அது தெரியும்.

சேரன்மாதேவி குருகுலம்

இந்தச் சிக்கலைத் தமிழ்நாடு முதன்முதலாகப் பொதுவெளியில் விவாதித்தது ஒரு விடுதிப் பள்ளியின் பந்தியை முன்வைத்துத்தான். விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் திருநெல்வேலிச் சீமையின் சேரன்மாதேவியில் இயங்கியது. தேசியக் கல்வி தரும் நிறுவனம் என்பதால் பல சாதியினரும் நன்கொடை அளித்தனர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதல் தவணையாக ஐயாயிரம் கொடுத்தது.

அங்கே பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் தனியாக உணவு பரிமாறப்பட்டது. பெற்றோர் விதித்த நிபந்தனை அது என்றும், வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் ஐயர் விளக்கினார். பின்னாளில் சென்னை மாகாண முதல்வரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன், பிராமணப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்ததற்காக அடிபட்டான் என்ற செய்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் இதை மாநில அளவிலான கேள்வியாக்கினர். பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் இரண்டு பந்தி எப்படி இருக்கலாம் என்பதே அவர்கள் கேட்டது.

சமரசமாக ஒரு யோசனையைக் காந்தி சொன்னார். ஏற்கெனவே இருக்கும் இருவரும் தனியே உண்ணட்டும், இனிமேல் சேர்வோரைப் பொதுப்பந்திக்குச் சம்மதித்தால் மட்டும் சேர்க்கலாம். நாயுடு தரப்பு இதை ஏற்கவில்லை. இரண்டு பேர்தானே என்று இன்று தோன்றலாம். ஆனால் பந்தியில் மற்றவர்களுடன் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அந்த இருவர் எழுந்து தனியே போவது ஒவ்வொரு வேளையும் நடந்த பாடம். நாயுடு தரப்பின் பிடிவாதம் நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. ஐயர் கெட்ட மனிதர் அல்லர், தனிப்பட்ட முறையில் எல்லோருடனும் உண்டவர். நிறுவனத் தலைவராக அவர் பெற்றோரின் விருப்பத்தை விதிக்கு மேலே வைத்தார், அதுதான் பிழை.

1925 ஏப்ரலில் அவர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். ஜூன் மாதம் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்ற முயன்று உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் தரப்படாததால் பெரியார் வெளியேறினார். அந்த முறிவுக்கு வழியமைத்தவற்றுள் சேரன்மாதேவிப் பந்தியும் ஒன்று.

சட்டக் கல்லூரி, 2008

சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டி இயங்கிய டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் பிரச்சினை ஒரு பெயரில் வெடித்தது. 2008 அக்டோபர் இறுதியில் தேவர் ஜெயந்திக்காக மாணவர்களில் ஒரு பிரிவினர் அச்சிட்டவற்றில், கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கரின் பெயர் விடுபட்டிருந்தது. தலித் மாணவர்கள் இதை எதிர்த்தனர். இரண்டு வாரம் பகை வளர்ந்தது. நவம்பர் 12 அன்று, தேர்வு நடந்த நாளில், கத்தியோடும் கட்டைகளோடும் மோதல் நடந்தது. தரையில் விழுந்து கிடந்தவர்களையும் அடித்த காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. வாசலில் போலீசார் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் அதே காட்சியில் தெரிந்தது.

கல்லூரி மூடப்பட்டது, முதல்வர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார், காவல்துறை ஆணையர் மாற்றப்பட்டார், ஓய்வுபெற்ற நீதிபதி பி. சண்முகம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 2018இல் கல்லூரியே இரண்டாகப் பிரிந்து திருவள்ளூர் மாவட்டம் பட்டரைப்பெரும்புதூருக்கும் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய புதுப்பாக்கத்துக்கும் போனது. மாணவர்கள் இடமாற்றத்தை எதிர்த்துப் போராடினார்கள். 1891இல் தொடங்கப்பட்டு, நீண்ட காலம் நீதிமன்றத்தின் நிழலில் இருந்த கல்லூரி அது. மாலையில் நடந்தே போய் வழக்கறிஞர் அலுவலகத்தில் தொழில் பழகும் வாய்ப்பு ஏழை மாணவருக்கு அங்கே இருந்தது. இடமாற்றத்தில் அது போயிற்று. பகை வளர்ந்த அந்த இரண்டு வாரத்தில் நிர்வாகம் என்ன செய்திருக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கட்டிடத்தை மாற்றுவது பதில் சொல்லவில்லை.

விதிகள் வந்த வழி

1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்டபோது தமிழ்நாடு விரைந்து செயல்பட்டது. 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. சாதி ஒதுக்கலுக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் ஆய்வு செய்த தோரட் குழு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் தொல்லை தாங்காமல் விடுதியின் மேல்தளங்களுக்கு ஒதுங்கிச் சேர்ந்ததை 2007இல் பதிவு செய்தது. 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு சமத்துவ விதிகளை வெளியிட்டு, விடுதியிலும் உணவுக்கூடத்திலும் மாணவரைப் பிரித்து வைப்பதைப் பாகுபாடு என்று வரையறுத்தது. ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்றது. அவர் பெயரும் அறை எண்ணும் மாணவருக்குத் தெரியாவிட்டால் விதி ஏட்டில்தான் இருக்கும். 2016 ஜனவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா இறந்தபோது இந்த விதிகள் வந்து நான்காவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது.

2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா தில்லியில் தாக்கப்பட்டு இறந்தார். தோற்றத்தைக் கேலி செய்ததில் தொடங்கிய தாக்குதல் அது. வடகிழக்கு மாணவர்மீதான இனவெறி குறித்து ஆராய பெஸ்பரூவா குழு அமைக்கப்பட்டது. 2016இல் மானியக் குழு ராகிங் விதிகளைத் திருத்தி, நிறம், இனம், சாதி, மதம், பிறந்த ஊர் முதலியவற்றின் பேரில் ஒருவரை இழிவு செய்வதையும் ஒதுக்கி வைப்பதையும் ராகிங் என்றே சேர்த்தது.

இத்திருத்தம் பலருக்குத் தெரியாது. சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி அடியும் உதையும் பற்றியது மட்டும் என்றுதான் நினைக்கிறோம். தெருவைக் கேட்டு மேசை மாறி உட்காருவதும், ஒரு சமுதாயத்தார் மட்டும் ஓர் அறையில் சேர்ந்து மற்றவரை வர விடாமல் செய்வதும் அதற்குள் வரும். அறைகளைப் பதிவெண் வரிசையிலோ குலுக்கலிலோ ஒதுக்குவதும், விழாச் சுவரொட்டிக்கு முன்கூட்டியே அனுமதி கேட்பதும் செலவில்லாத காரியங்கள். விடுதிக் காப்பாளரே ஆகஸ்ட் மாதத்தில் செய்து முடித்துவிடலாம்.