தொடக்கநிலை மனநோயில் சிகிச்சைப் பலனைத் தீர்மானிப்பவை

காதருகே யாரோ பேசுவதாகக் கேட்பதும், எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று நம்புவதும், பேச்சு கோவையற்றுப் போவதும் சைக்கோசிஸ் என்னும் தீவிர மனநோயின் அறிகுறிகள். முதன்முறை பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே இவை தணிகின்றன. எல்லோருக்கும் ஒரே அளவில் பலன் கிடைப்பதில்லை.

இந்த வேறுபாட்டுக்கான காரணங்களில் முக்கியமான ஒன்று தாமதம். நோய் தொடங்கியபின் சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீளப் பலன் குறைகிறது. மந்திரிப்பது, கோயிலில் தங்க வைப்பது, கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பது என்று பல வீடுகளில் ஆண்டுகளே போய்விடுகின்றன. தாமதமானாலும் நம்பிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. கர்நாடகத்தின் தீர்த்தஹள்ளி தாலுகாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், சிகிச்சையே பெறாமல் இருந்த, சைக்கோசிஸின் ஒரு வகையான மனச்சிதைவு நோயாளிகளுக்கு மருந்து கொடுத்ததும் அவர்களின் இயலாமை குறைந்தது.

இளவயதிலேயே நோய் தொடங்குவதும், முன்பிருந்தே படிப்பிலும் பிறரோடு பழகுவதிலும் பின்தங்கியிருப்பதும் பலனைக் குறைக்கின்றன. இவற்றை மாற்ற முடியாது. பலனைக் குறைக்கும் கஞ்சாப் பழக்கத்தையும், சற்றுத் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுவதையும் மாற்ற முடியும். நோய் திரும்புவதற்குப் பெரும்பாலும் இந்த நிறுத்தமே காரணம். பீடி, சிகரெட்டுப் புகை ஒலான்சபின், குளோசபின் மருந்துகளை ஈரல் விரைவாகச் சிதைக்கும்படி செய்கிறது. புகைப்பவருக்கு அதே மாத்திரை போதாமல் போகலாம். திடீரென்று புகையை விட்டால் இரத்தத்தில் மருந்தளவு கூடிவிடும் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். குளோசபின் அல்லாத இரண்டு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் கொடுத்தும் பலனில்லை என்றால் குளோசபின்தான் அடுத்த வழி. அதற்கு வெள்ளணு எண்ணிக்கையைத் தவறாமல் பரிசோதிக்க வேண்டும்.

குடும்பத்தின் பங்கை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சென்னையில் 1984இல் தொடங்கப்பட்ட மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபும் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகமும் முதன்முறை நோயுற்றவர்களை இரண்டாண்டுகள் ஒப்பிட்டன. மாயக்குரல், சந்தேகம் போன்றவை இரு நகரங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிந்தன. ஆர்வமின்மை, ஒதுங்கியிருத்தல் போன்றவை சென்னையில் கூடுதலாகக் குறைந்தன. சென்னையில் குடும்ப ஆதரவும் அதிகம், சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் குறைவு. வீட்டாரை மருத்துவர் தம் பக்கத்தில் வைத்துக்கொள்ள இதுவே போதிய காரணம்.

சிகிச்சை பெற, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருப்பவர்களுக்கு மைசூரு கிருஷ்ணராஜேந்திரா அரசு மருத்துவமனை ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவுதான். எந்த ஊராயினும் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.