தமிழுக்காக உடைத்த பூட்டு

ஆண்ட்ராய்டு செல்போனை 'ரூட்' செய்வது என்றால், தயாரித்த நிறுவனம் பயனருக்குத் தராமல் வைத்துக்கொண்ட முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்வது. யூனிக்ஸில் எந்தக் கோப்பையும் மாற்றும் உரிமையுள்ள கணக்கின் பெயர் ரூட். சொல் அங்கிருந்து வந்தது. முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1, 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. சில வாரங்களிலேயே பூட்டு திறந்துகொண்டது. அதற்குப் பெரிய சாமர்த்தியம் எதுவும் தேவைப்படவில்லை. விசைப்பலகையில் தட்டுவதெல்லாம் ரூட் உரிமையோடு பின்னணியிலும் கட்டளையாக ஓடிக்கொண்டிருந்தது. 'ரீபூட்' என்று தட்டினால் போன் அணைந்து எழுந்தது.

தமிழ்நாட்டில் ரூட் செய்ய இன்னொரு காரணமும் இருந்தது: தமிழ் எழுத்து. பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை இயங்கியது. நோக்கியாவின் மலிவான பட்டன் போன்களிலேயே தமிழ் மெனு இருந்தது. விலை கூடிய தொடக்ககால ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலோ தமிழ் வெறும் கட்டங்களாகத்தான் தெரிந்தது. ஓபரா மினி உலாவியில் எழுத்தைப் படமாக வரவழைக்கும் அமைப்பு ஒன்று இருந்தது. அது அந்த உலாவியோடு சரி. போன் முழுக்கத் தமிழ் வேண்டுமென்றால் சிஸ்டம் பகுதியில் உள்ள எழுத்துருக் கோப்பையே மாற்ற வேண்டும், அதற்கு ரூட் வேண்டும். விளையாட்டுக்கும் விளம்பரத் தடுப்புக்கும் ரூட் செய்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். தாய்மொழியைப் படிக்கவே பூட்டை உடைத்தவர்கள் தனி ரகம். அப்படிச் செய்தும் முழுப்பலன் இல்லை. எழுத்துகளைக் கோக்கும் மென்பொருள் இல்லாததால் 'கெ'யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. ஆண்ட்ராய்டின் அடுத்தடுத்த பதிப்புகள் இதைச் சரிசெய்தன. 2014இல் வந்த 5.0இல் தமிழ் மெனுவே சேர்ந்தது.

ரூட் செய்வதும் எளிதாகிக்கொண்டே வந்தது. அதே 2014இல் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற நிரலாளர் வெளியிட்ட டவல்ரூட் செயலி, ஆண்ட்ராய்டின் அடியிலுள்ள லினக்ஸ் கருவிலிருந்த ஓட்டை வழியே ஒரே தட்டலில் வேலையை முடித்தது. கிங்ரூட் செயலியும் அப்படித்தான், ஆனால் உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க வழியில்லை.

ரூட்டை நீக்கும் தேவை பணத்தோடு வந்தது. 2016இல் யுபிஐ தொடங்கிய பின், ரூட் செய்த போனில் ஓட மறுக்கும் பணச் செயலிகள் பெருகின. ரூட் உரிமையை நிர்வகிக்கும் சூப்பர்எஸ்யு செயலியில் ரூட்டை முழுமையாக நீக்க ஒரு தேர்வு இருந்தது. 2016இல் வந்த ஜான் வூவின் மேஜிஸ்க், சிஸ்டம் பகுதியைத் தொடாமல் பூட் பகுதியில் மட்டும் கைவைப்பதால் எளிதில் கழன்றுவிடும். மற்றவற்றுக்கு ஃபேக்டரி ரீசெட் போதாது. அது பயனரின் தரவை அழிக்குமே தவிர, சிஸ்டம் பகுதியில் புகுந்ததைத் தொடாது. நிறுவனத்தின் மூல மென்பொருளை மறுபடி ஏற்ற வேண்டும். கடைப் பேச்சில் அது 'சாஃப்ட்வேர் போடுவது'. பாதியில் கேபிள் கழன்றால் போன் 'டெட்'. சாம்சங்கின் நாக்ஸ் பாதுகாப்பு அமைப்பு உள்ள போன்களில் அதுவும் தடயத்தை அழிக்காது: அனுமதியற்ற மென்பொருள் ஏறியதும் உள்ளே ஒரு மின்னுருகி எரிந்துவிடும், அது திரும்ப ஒட்டாது.