மதுரை ஜங்ஷன் ஏன் திணறுகிறது? கோட்டைச் சுவரிலிருந்து கூடல்நகர் வரை

வைகையை முதலில் பாலம் போட்டுக் கடந்தது ரயில்தான். சிம்மக்கல், யானைக்கல் பக்கம் குடியிருக்கிற எங்களுக்குப் பாலம் என்றாலே கோரிப்பாளையம் போகிற ஏ.வி. பாலம்தான். ஆல்பர்ட் விக்டர் இளவரசர் பெயரில் கட்டின அந்தப் பாலம் திறந்தது 1889-ல். திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது 1875. அடுத்த வருஷமே தண்டவாளம் தூத்துக்குடி வரை போய்விட்டது. அதாவது, மாட்டுவண்டிக்காரர் தரைப்பாலத்தில் வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற காலத்திலேயே, கொஞ்சம் மேற்கே ரயில் ஜாலியாக ஆற்றைத் தாண்டிக்கொண்டிருந்தது.

இந்த வரிசையைக் கவனித்தபோதுதான் வேறொரு விஷயம் பிடிபட்டது. சென்னையிலிருந்து வரும்போது ஊருக்குள் நுழைந்த பிறகும் ரயில் செல்லூர்ப் பக்கம் அசையாமல் நிற்குமே, "அவுட்டர்ல போட்டுட்டான்" என்று எல்லோரும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அதற்கான காரணத்தின் பாதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருக்கிறது.

1840 வாக்கில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். அப்படிக் கிடைத்த இடத்தில் வந்தவைதான் வெளி வீதிகள். அந்த வேலையில் இருந்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றைக்கும் இருக்கின்றன. முப்பது முப்பத்தைந்து வருஷம் கழித்து ரயில்வேக்காரர்கள் வந்தபோது ஊர் அந்தச் சுவர் இருந்த எல்லையோடு ஏறக்குறைய முடிந்திருந்தது. மேல வெளி வீதிக்கு அந்தப் பக்கம் காலி இடம். கோயிலுக்கு நடந்துபோகிற தூரம், எதிரே மங்கம்மாள் சத்திரம். இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? அன்றைக்கு அது சரியான முடிவு.

ஆனால் காலி இடம் காலியாகவே இருக்கவில்லை. 1890-களில் ஹார்வி மில் வந்தது. பிறகு ரயில்வே காலனி, ஆரப்பாளையம், எல்லீஸ் நகர் என்று மேற்கும் நிரம்பியது. கிழக்கே பழைய ஊர், வடக்கே ஆறு. ஸ்டேஷன் நடுவில் மாட்டிக்கொண்டது. இன்றைக்கு அங்கே ஆறு பிளாட்பாரம். 24 பெட்டி எல்.எச்.பி. ரயில் ஒன்று இன்ஜினோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 600 மீட்டர் நீளம். ஏழாவதாக ஒன்று போடணும் என்றால் அந்த நீளத்துக்கு யாருடைய இடத்தையாவது எடுக்கணும்.

இன்னொரு பாதிக் காரணம் எனக்கு இதைவிடச் சுவாரசியமானது. மதுரையை அவர்கள் ரயில் புறப்படும் ஊராக நினைத்துக் கட்டவில்லை, கடந்துபோகும் ஊராகவே கட்டினார்கள். பாதையின் நோக்கம் தூத்துக்குடித் துறைமுகம். பஞ்சு அங்கே போகணும், கொழும்புக் கப்பலுக்கு ஆள் போகணும். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு இலங்கைப் பயணம் தனுஷ்கோடி வழிக்கு மாறியது. அப்போதும் மதுரை நடுவழிதான்.

நெருக்கடியைக் குறைக்க அந்தக் காலத்து ஆட்கள் செய்தது என்ன தெரியுமா? ஸ்டேஷனைப் பெரிதாக்கவில்லை, ரயிலையே வேறு வழியில் விட்டார்கள். 1930 வாக்கில் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்குப் பாதை போட்டார்கள். ராமேஸ்வரம் போகிறவன் மதுரைக்குள் வரவே வேண்டாம். 1960-களில் மானாமதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக விருதுநகர் பாதையும் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், மதுரைக்குக் கிழக்கே ஒரு புறவழிச்சாலை மாதிரியே இருக்கும். இன்றைக்கும் மதுரைப் பக்கம் தண்டவாள வேலை என்றால் தென்மாவட்ட ரயில்களை இந்த வழியில்தான் திருப்பிவிடுகிறார்கள்.

சரி, பிறகு என்ன ஆச்சு? மதுரை மெல்ல மெல்லப் புறப்படும் ஊராகிவிட்டது. பாண்டியன் எக்ஸ்பிரஸ் வந்தது. 1977 ஆகஸ்ட் 15-ல் வைகை எக்ஸ்பிரஸ் வந்தது. மீட்டர் கேஜ் பாதையில் அந்த வேகம் அப்போது பெரிய பேச்சு. 2019-ல் தேஜஸ், 2024-ல் பெங்களூர் வந்தே பாரத். ஊர்க்காரனாக எனக்கு இதெல்லாம் பெருமைதான். ஆனால் கடந்துபோகிற ரயிலுக்கும் கிளம்புகிற ரயிலுக்கும் பிளாட்பாரம் கேட்கிற விலை வேறு வேறு.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். கடந்துபோகும் ரயில் ஐந்து நிமிஷம் நிற்கிறது. அது வந்து சேரவும் விலகவும் இன்னொரு பத்து நிமிஷம். ஆக 15 நிமிஷம். காலை 5 முதல் 8 மணிக்குள் ஒரு பிளாட்பாரத்தில் காகிதக் கணக்குப்படி 12 ரயில் பார்க்கலாம். இங்கேயே முடிந்து ஆள் இறங்கி, பார்சல் இறக்கி, ரேக்கை யார்டுக்கு இழுத்துப் போக 45 நிமிஷம் ஆகும் என்று வைத்தால் அதே நேரத்தில் நான்குதான். பற்றாக்குறை பிளாட்பாரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் இருப்பது நிமிஷத்தில்.

ஒற்றைப் பாதைக்கு ரயில்வேயில் ஸ்காட் சூத்திரம் என்று ஒன்று உண்டு. இரண்டு ஸ்டேஷனுக்கு இடையே மெதுவான ரயில் எடுக்கும் நேரத்தோடு சிக்னல் வேலைக்கான நேரத்தைக் கூட்டி, 1440 நிமிஷத்தை அதால் வகுத்து, அதில் 70 சதவீதம் எடுக்கணும். 20-ம் 5-ம் சேர்ந்து 25 நிமிஷம் என்றால் நாளுக்குச் சுமார் 40 ரயில். இந்தப் பூட்டை உடைக்கத்தான் இரட்டைப் பாதை. சென்னை – மதுரை முதலில் முடிந்தது. தெற்கே மதுரை – திருமங்கலம் துண்டு 2023 மார்ச்சில் முடிந்தது. நல்லதுதான். ஆனால் நடுவழியில் எதிர் ரயிலுக்காகக் காத்திருந்த ரயில் இப்போது சீக்கிரமே வந்து மதுரை வாசலில் நிற்கிறது. குழாயைப் பெரிதாக்கினோம், புனல் அப்படியே இருக்கிறது. போதாததற்கு மேற்கே போடிப் பாதையும் உயிர் பெற்றது: 2022 மே மாதம் தேனி வரை, 2023 ஜூனில் போடி வரை.

அந்த 2022 மே 26 விழாவில்தான் மதுரை ஸ்டேஷன் சீரமைப்புக்கும் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 347 கோடி ரூபாய் ஒப்பந்தம். புதிய முனையக் கட்டடங்கள், பல அடுக்கு வாகன நிறுத்தம் எல்லாம் உண்டு. ஆட்கள் நெருக்கியடிக்காமல் நடக்க இது அவசியம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதில் பெரும்பகுதி மனுஷர் நிற்கிற இடம், ரயில் நிற்கிற இடம் இல்லை. கட்டடம் திறந்ததும் அவுட்டர் காத்திருப்பு போய்விடும் என்று யாராவது எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இடமே இல்லாதவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால், டோக்கியோவைப் பார்க்கலாம். அங்கே தொஹோக்கு ஷின்கான்சென் ரயில்களுக்கு இருப்பது நான்கே தண்டவாளம். ரயில் வந்து 12 நிமிஷத்தில் திரும்பக் கிளம்புகிறது. அதில் 7 நிமிஷத்தில் முழு ரயிலையும் சுத்தம் செய்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் நம்மிடமும் 2023 அக்டோபரில் வந்தே பாரத்துக்கு 14 நிமிஷத் துப்புரவு ஆரம்பித்தது. நம் 24 பெட்டி ராத்திரி ரயிலுக்கு அது ஒத்துவராது. போர்வை மாற்றணும், தண்ணீர் ஏற்றணும், அடியில் பார்க்கணும். அதற்கு பிட் லைன் வேணும், இடம் வேணும்.

எழும்பூருக்குத் தாம்பரம் கைகொடுத்த மாதிரி மதுரைக்கும் ஒரு இடம் இருக்கிறது: கூடல்நகர். ஆற்றுக்கு வடகரையில், சென்னைப் பாதையிலேயே இருக்கிற ஸ்டேஷன். அதை இரண்டாவது முனையமாக்கணும் என்பது பல வருஷக் கோரிக்கை. பஸ்ஸுக்கு இதைத்தானே செய்தோம்? பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் எல்லா ஊர் பஸ்ஸும் முட்டிமோதிய காலம் ஒன்று இருந்தது. பிறகு மாட்டுத்தாவணிக்குப் பாதி, ஆரப்பாளையத்துக்குப் பாதி என்று பிரித்துவிட்டார்கள். அப்போது "ஊருக்கு வெளியே யார் போறது" என்று முணுமுணுத்தவர்கள் இன்றைக்குப் பேசாமல் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிறார்கள்.

எதிர்வாதமும் உண்டு. கூடல்நகரில் இறக்கிவிட்டால் கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர் விடியக்காலம் நாலு மணிக்கு ஆட்டோவுக்கு அழணும். நியாயம்தான். அதனால் டவுன் பஸ் இல்லாமல் முனையத்தை மட்டும் திறப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 1875-ல் ஊர் இருந்தது தென்கரையில். இன்றைக்குத் தல்லாகுளம், அண்ணா நகர், கே.கே. நகர், ஐயர் பங்களா என்று பெரிய மதுரை ஒன்று வடகரையில் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் ரயிலைப் பிடிக்க ஏ.வி. பாலம் ஏறி, யானைக்கல் இறங்கி, சிம்மக்கல் சிக்னலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் தெருமுனையில் நின்று பார்த்தால் தெரியும். கூடல்நகரில் ராத்திரி ரயில் நாலு கிளம்பினால், அவர்களில் ஒரு பகுதி ஆற்றைத் தாண்டவே வேண்டியதில்லை.