மீன் தேடுற எக்கோவும் நெஞ்சைப் பார்க்கிற எக்கோவும்

உவரிக்காரர் ஒருத்தருக்கு எக்கோ எடுத்துட்டு இருந்தேன். அறுபது தாண்டிய மீனவர். ஒருக்களிச்சுப் படுத்தவாக்கில் திரையை எட்டிப் பார்த்தவர், "டாக்டரே, இது நம்ம வள்ளத்துல மாட்டியிருக்க எக்கோல்லா!" என்றார்.

சிரிச்சுட்டேன். ஆனா அவர் சொன்னது முழு உண்மை. அந்தக் கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

ஈயக்குண்டு கட்டின கயிற்றை இறக்கி, எத்தனை பாகம்னு எண்ணித்தான் மனுசன் ரொம்ப காலம் கடலாழத்தை அளந்தான். முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க, பிரான்சின் பால் லான்ஜெவின் நம்ம காதுக்குக் கேட்காத ஒலியைத் தண்ணிக்குள்ள அனுப்பி எதிரொலியைப் பிடிச்சார். ஒலி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரிஞ்சா தூரம் தெரியும். இவ்வளவுதான் சூத்திரம். அப்புறம் அதே வித்தை மீன் கூட்டம் தேடவும், கப்பல் இரும்பில் விரிசல் பார்க்கவும் வந்துச்சு.

1953, சுவீடனின் லுண்ட் நகரம். எட்லர் என்ற இதய மருத்துவருக்கு ஒரு சங்கடம். ருமாட்டிக் காய்ச்சலில் சுருங்கிப்போன மிட்ரல் வால்வை விரித்துவிடும் அறுவை சிகிச்சை அப்போ நடக்க ஆரம்பிச்சிருந்தது. ஆனா வால்வு சுருங்கியிருக்கா, ஒழுகுதான்னு நெஞ்சைத் திறக்கும் முன்னாடி உறுதியாச் சொல்ல வழியில்லை. ஒழுகுற வால்வைப் போய் விரிச்சா? இன்னும் கூட ஒழுகும்.

ஹெர்ட்ஸ் என்ற இளம் இயற்பியலாளரிடம் கேட்டார். அவர் பக்கத்து மால்மோ கப்பல் கட்டும் தளத்துக்குப் போய், விரிசல் பார்க்கிற கருவியைத் தன் நெஞ்சிலேயே வச்சுப் பார்த்தார். துடிப்புக்குத் தக்க எதிரொலி ஆடிச்சு! பிறகு சீமென்ஸ் ஒரு கருவியைக் கடனாக் கொடுக்க, 1953 அக்டோபர் 29-ல் முதல் இதய எக்கோ பதிவாச்சு. இன்னைக்கு மாதிரிப் படமெல்லாம் இல்லை, நெளியற கோடுதான். முக்கியமான ஒரு கோட்டை இதயச் சுவர்னு நினைச்சாங்க. அது மிட்ரல் வால்வின் இதழ்னு பிற்பாடுதான் பிடிபட்டது. மேதைகளும் தடவித் தடவித்தான் போயிருக்காங்க. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

ரத்தப் பரிசோதனையின் கதையும் அதே காலம்தான். 1954-ல் நியூயார்க்கில், மாரடைப்பு வந்தவங்க ரத்தத்தில் எஸ்ஜிஓடி என்ற நொதி கூடுதுன்னு கண்டாங்க. தொல்லை என்னன்னா, ஈரல் கெட்டாலும் அது கூடும். அடுத்து வந்த சிகே, தசை அடிபட்டாலே கூடும். ட்ரோபோனின் புரதத்தை ஜப்பானின் எபாஷி 1960-களிலேயே தசையில் கண்டுபிடிச்சிட்டார். அதில் இதயத்துக்கே உரிய வகையை ரத்தத்தில் அளக்கிற வழியை ஜெர்மனியின் காட்டுஸ் குழு வெளியிட்டது 1989-ல். 2000-ல் மாரடைப்பின் வரையறையே ட்ரோபோனினைச் சுற்றி மாறிப்போச்சு.

இப்போ நம்ம பெரியவருக்கு வருவோம். எக்கோவில் இதயச் சுவரின் ஒரு பகுதி அசையவே இல்லை. ட்ரோபோனின் எக்கச்சக்கம். ரெண்டு நாள் முன்னாடி நெஞ்சு பாரமா இருந்திருக்கு. "வாயுப் பிடிப்பு"ன்னு சோடா குடிச்சுட்டுப் படுத்துட்டார்.

நோயைச் சரியாக் கண்டுபிடிச்சிட்டோம். ஆனா செத்துப்போன தசையைப் பத்தின கணக்கு அது. ட்ரோபோனின் கூடவே சில மணி நேரம் ஆகும். கூடினா பல நாள் இறங்காது. தசையைக் காப்பாத்த நேரம் வாங்கித் தருவது இந்த மூணிலும் வயசான ஈசிஜி.

நெதர்லாந்தின் ஐந்தோவன் கருவி கிட்டத்தட்ட 270 கிலோ. நோயாளி ரெண்டு கையையும் ஒரு காலையும் உப்புத்தண்ணியில் விட்டு உட்காரணும். இதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா? 1905-ல் ஒன்றரை கிலோமீட்டர் தொலைபேசிக் கம்பி வழியா நோயாளியின் ஈசிஜியைத் தன் ஆய்வகத்துக்கு வரவழைச்சார். 1924-ல் நோபல் பரிசு.

நூறு வருசம் கழிச்சு அதே யோசனைதான் தமிழ்நாட்டில் நடந்தது. 2012 முதல் 2014 வரை, சின்ன ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து பெரிய மையத்துக்கு அனுப்பி, 108-ல் நோயாளியை நகர்த்தும் ஏற்பாட்டை 2,420 பேரிடம் சோதிச்சாங்க. முன்னாடி ஒரு வருடத்துக்குள் இறந்தவங்க 17.6 சதவீதம், ஏற்பாட்டுக்குப் பிறகு 14.2. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கலை, தாமதத்தைத்தான் குறைச்சாங்க. 2023 ஜூனில் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்னாடியே ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் டோஸ் மாத்திரை தர்றாங்க.

உவரியில் இருந்து நெல்லை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு எப்படியும் ஒன்றரை மணி நேரம். அதனால நெஞ்சு பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுற வலி, காரணமில்லாத வியர்வை வந்தா சோடா வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்க, முதல்ல கிடைக்கிற இடத்தில் ஈசிஜி எடுங்க. அதில் அடைப்பு தெளிவாத் தெரிஞ்சா ரத்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. முதல் ஈசிஜி நார்மல்னாலும் வலி இருந்தா வீட்டுக்குக் கிளம்பாதீங்க, திரும்ப எடுக்கச் சொல்லுங்க.

ஈசிஜி தாளைத் தூக்கிப் போட்டுராதீங்க. அடுத்த தடவை பழசோட ஒப்பிட்டாத்தான் எது புதுசுன்னு எங்களுக்குத் தெரியும். அந்தப் பெரியவர் தன் தாளை வள்ளத்துக் காகிதங்களோட ஒரே கவர்ல வச்சிருக்கார்.